கேமராவுக்குச் சொந்தமாக ஒரு ஐபி: கும்பகோணம் வீட்டில் ஐபிவி6 போட்ட அனுபவம்

அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், நான் சென்னையில், அக்கா கோயம்புத்தூரில். வாசலில் ஒரு கேமரா, கொல்லைப்பக்கம் ஒரு கேமரா என்று வைத்து இரண்டையும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றில் சேர்த்திருக்கிறேன். பதிவாவது முழுக்க வீட்டிலேயே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில்தான். அம்மா வாசல் தெளிப்பதும் கோலம் போடுவதும் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரில் போய்ச் சேரக் கூடாது என்பதில் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்தேன். பழைய டெலிபோன் கம்பி பிராட்பேண்ட் இருந்தவரை பிரச்சினை இல்லை, ரவுட்டரில் ஒரு போர்ட்டை (எண் போட்ட ஒரு வாசல் மாதிரி) ராஸ்பெரி பைக்குத் திருப்பிவிட்டால் போதும், சென்னையிலிருந்து நேராக உள்ளே போய்விடலாம். போன வருஷம் ஃபைபருக்கு மாறினோம். வேகம் பல மடங்கு கூடியது, கேமரா மட்டும் வெளியிலிருந்து தெரியவே இல்லை.

முதல் சனிக்கிழமை முழுக்க அந்தப் போர்ட் திருப்பும் வேலையிலேயே, அதாவது போர்ட் ஃபார்வர்டிங்கிலேயே போயிற்று. பழைய அமைப்பை அப்படியே புது ரவுட்டரில் போட்டேன், எண்ணைச் சரிபார்த்தேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. மாலையில்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன்: ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளிப்பக்க ஐபி (நம் இணைப்பின் முகவரி எண்) 100.81 என்று தொடங்குகிறது, ஆனால் அதே வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு 'என் ஐபி என்ன' என்று தேடினால் 103-இல் தொடங்கும் வேறொரு எண் வருகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அது நம் வீட்டு ஐபி. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள், நெட் கம்பெனிகள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வதற்காக 2012-இல் தனியாக ஒதுக்கப்பட்டவை. வெளி உலகத்துக்கு அந்த எண் தெரியாது. நம் ரவுட்டருக்கு மேலே கம்பெனியிடம் பல வீடுகளை ஒரே ஐபிக்குப் பின்னால் வைக்கும் இன்னொரு பெரிய நாட் பெட்டி இருக்கிறது, அதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள், அதில் போர்ட் திறக்க நமக்கு வழியில்லை. உங்கள் வீட்டிலும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லை என்றால் வேறு எதையும் தொடாமல் இந்த இரண்டு எண்களையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை, ஒரு நாள் மிச்சம்.

இணைப்புப் போட்டுக்கொடுத்த தம்பிக்குப் போன் செய்தேன். "அண்ணே, உங்களுக்குன்னு தனி ஐபி வேணும்னா ஸ்டாட்டிக் போடணும், அதுக்கு மாசாமாசம் தனியா கட்டணும்ணே. எங்ககிட்டயே கொஞ்சம்தான் இருக்கு" என்றார். கொஞ்சம்தான் இருக்கிறது என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, அந்த 103 என்ற எண்ணிலேயே அந்தக் கதை இருக்கிறது.

நாம் பழகிய பழைய வகை ஐபிக்குப் பெயர் ஐபிவி4, அந்த முகவரி 32 பிட். மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் எண்கள்தான் வரும். 1981-இல் அந்த விதிமுறையை எழுதியபோது அது தீராத எண்ணிக்கையாகத்தான் தெரிந்திருக்கும்; அந்தத் தாராளத்தில்தான் 127-இல் தொடங்கும் ஒன்றேமுக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவான எண்களை ஒரு கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கென்று ஒதுக்கினார்கள், 240-க்கு மேலே 26 கோடிக்கும் மேற்பட்டதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தார்கள், அது இன்னும் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடம் ஒன்றிடமே 18-இல் தொடங்கும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்கள் முழுவதும் இருந்தன, 2017-இல்தான் அதில் பாதியளவை அமேசானுக்கு விற்றார்கள். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி ஐந்து பெரும் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று எண்களைப் பங்கிடும் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக்குக்கு வந்தது 103. அந்த ஏப்ரல் 15-ஆம் தேதியே அந்தக் கடைசித் தொகுதியில் கை வைக்க வேண்டிய நிலைமை ஏப்னிக்குக்கு வந்துவிட்டது, ஐந்து பதிவகங்களில் முதலில் அந்த நிலைக்கு வந்தது நம் பகுதிதான்.

அதற்கப்புறம் ரேஷன். புதிதாக வரும் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் 1,024 எண்கள், 2019-க்குப் பிறகு அதுவும் பாதியாகி 512. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஐபிக்கு 65,536 போர்ட்கள். ஒதுக்கிவைத்த முதல் 1,024-ஐக் கழித்துவிட்டு வீட்டுக்கு ஆயிரம் போர்ட் என்று பிரித்தால், ஒரே ஐபியில் 64 வீடுகள். 512 ஐபிக்கு முப்பத்திரண்டாயிரம் வீடு சொச்சம். ஊருக்குள் புதிதாகக் கேபிள் இழுக்கிற ஒருவர் வேறு எப்படித்தான் தொழில் செய்ய முடியும்? வெளிச்சந்தையில் வாங்கலாம்தான், ஆனால் 2011-லேயே நார்டெல் திவாலானபோது மைக்ரோசாஃப்ட் 6,66,624 எண்களை 75 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது, எண் ஒன்றுக்குப் பதினோரு டாலருக்கு மேல், அதற்கப்புறமும் விலை ஏறத்தான் செய்தது. அதனால் அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்று: சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிற வீட்டிலிருந்து இணையத்தைப் பார்க்க முடியும், இணையத்தில் நாம் ஒன்றை வைக்க முடியாது. அடுத்த தெருவில் யாரோ செய்த தப்புக்கு ஒரு தளம் அந்த ஐபியைத் தடுத்தால் நமக்கும் சேர்த்துத்தான் கதவு சாத்துகிறது. அப்பாவி அம்மாவின் போனில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று படம் படமாக வந்துகொண்டிருந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சரி, இந்தத் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக வந்த புது வகை ஐபிவி6. 128 பிட், 39 இலக்க எண்ணிக்கை. 1998 டிசம்பரிலேயே விதிமுறை வந்துவிட்டது, 2012 ஜூன் 6 அன்று பெரிய தளங்கள் எல்லாம் நிரந்தரமாகத் திறந்துவிட்டன. நம் ஊரில் இதில் முந்திக்கொண்டது செல்போன்தான். 2016-இல் ஜியோ 4ஜி ஐபிவி6-ஓடு வந்தது, இன்று இந்தியாவிலிருந்து கூகுளுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஐபிவி6-இல்தான் போகிறார்கள், அவர்களில் பலருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. என் போனில் மொபைல் டேட்டாவில் பார்த்தேன், 2-இல் தொடங்கும் நீள எண் இருந்தது. போனில் இருக்கிறது, வீட்டில்தான் இல்லை. திரும்பவும் தம்பிக்குப் போன். "இருக்குண்ணே, நாங்க ரவுட்டர்ல ஆன் பண்றதில்ல, யாரும் கேக்கல" என்றார். இதைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது வாரம் கும்பகோணம் போய் உட்கார்ந்தேன். ஃபைபர் பெட்டியின் வெளிப்பக்க அமைப்பில் ஐபிவி4 மட்டும் என்று இருந்ததை ஐபிவி4-உம் ஐபிவி6-உம் என்று மாற்றினேன். ஸ்டேட்டஸில் ஐபிவி6 வந்தது. ஆனால் லேப்டாப்பில் எஃப்இ80 என்று தொடங்கும் முகவரி மட்டும்தான். அது அதே கம்பியில் இருக்கும் பக்கத்துச் சாதனத்தோடு பேசுவதற்கானது, வாசலைத் தாண்டாது. இந்த இடத்தில் பலபேர் ஐபிவி6 வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ரவுட்டருக்கு முகவரி கிடைப்பது வேறு, வீட்டுக்குள் இருக்கும் சாதனங்களுக்கு விநியோகிக்க ஒரு தொகுதி கிடைப்பது வேறு. இரண்டாவதைக் கேட்டு வாங்க பிரிஃபிக்ஸ் டெலிகேஷன் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். டிக் போட்டேன், சேமித்தேன், இணைப்பை ஒருமுறை துண்டித்து இணைத்தேன். முப்பது விநாடிக்குள் லேப்டாப், அம்மாவின் போன், டிவி, ராஸ்பெரி பை எல்லாவற்றுக்கும் 2-இல் தொடங்கும் முகவரி வந்துவிட்டது. வந்தது ஒரு /64, முகவரியின் 128 பிட்டில் முதல் 64 கம்பெனி தருவது, மீதி 64 நம் கையில். அதாவது உலகத்தின் மொத்த ஐபிவி4 எண்ணிக்கையை அதே எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது எத்தனையோ அத்தனை முகவரிகள், சாரங்கபாணி கோயில் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்கு. /56 (இதுபோல் 256 தொகுதிகள்) கொடுத்திருந்தால் வீட்டு வைஃபையைத் தனியாகவும் கேமராவைத் தனியாகவும் பிரித்திருப்பேன், கொடுக்கவில்லை, ஒரு வீட்டுக்கு /64-உடன் நிறுத்திக்கொள்வது அநியாயம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன், தட்டுப்பாடே இல்லாத சரக்கில் எதற்குச் சிக்கனம்.

அப்புறம் ஃபயர்வால், எது உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் காவல். இங்கேதான் கவனம் வேண்டும். நாட் இருந்தவரை வெளியிலிருந்து எதுவும் தானாக உள்ளே வராது, அதைப் பாதுகாப்பு என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஐபிவி6-இல் நாட் கிடையாது, ஒவ்வொரு சாதனத்துக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் முகவரி, ஆகவே காவல் வேலை முழுக்க ஃபயர்வாலின் பொறுப்பு. கம்பெனி கொடுத்த பெட்டியில் ஐபிவி6 ஃபயர்வாலுக்கு ஒரே ஒரு சுவிட்ச்தான், முழுக்க மூடு இல்லை முழுக்கத் திற. சோதனைக்காகக்கூட அதைத் திறக்காதீர்கள், அம்மா வீட்டு டிவியும் பிரிண்டரும் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும்.

அதனால் கம்பெனி பெட்டியை எல்லாவற்றையும் அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் நிலையில் போட்டுவிட்டு, என்னிடம் சும்மா கிடந்த ஒரு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றி, அதையே பிபிபிஓஇ (கம்பெனியிடம் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி இணையும் முறை) போட வைத்தேன். இதற்கு மூன்று விஷயம் வேண்டும்: பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் (கம்பியில் நம் இணைப்பைப் பிரித்துக் காட்டும் எண்). மூன்றாவதை யாரும் சொல்லமாட்டார்கள், பெட்டியைப் பிரிட்ஜுக்கு மாற்றுவதற்கு முன் அதன் வெளிப்பக்க அமைப்பைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, அன்று இரவு எட்டு மணி முதல் மறுநாள் காலை பத்து வரை வீட்டில் நெட் இல்லை, அம்மாவுக்கு சீரியல் போயிற்று.

ஓப்பன்டபிள்யூஆர்டியில் வேண்டிய ஒரே ஒரு சாதனத்துக்கு ஒரே ஒரு போர்ட்டைத் திறக்கலாம். ஆனால் கரண்ட் போய் வந்து பிபிபிஓஇ திரும்ப இணையும்போதெல்லாம் கம்பெனி புது பிரிஃபிக்ஸ் கொடுக்கிறது, முகவரியின் முதல் பாதி மாறிவிடுகிறது. விதியில் முழு முகவரியை எழுதினால் அடுத்த மின்வெட்டு வரைக்கும்தான் ஆயுசு. இதற்கு அதில் ஓர் அழகான வசதி இருக்கிறது: முன்பாதி எதுவாக இருந்தாலும் சரி, பின்பாதி இதுவாக இருந்தால் உள்ளே விடு என்று எழுதலாம். ராஸ்பெரி பையில் பின்பாதியை நானே ஒரு எண்ணாக நிலையாக வைத்துவிட்டேன். திறந்தது கேமராவின் போர்ட் இல்லை, வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளின் (வெளியிலிருந்து வீட்டுக்குள் பூட்டிய சுரங்கப்பாதை மாதிரி) யுடிபி போர்ட் ஒன்று மட்டும். சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் வயர்கார்டு பதிலே சொல்லாது, அங்கே ஒன்று இருப்பதே வெளியில் தெரியாது. கேமராக்களின் மென்பொருளை நேராக இணையத்துக்குக் காட்டும் துணிச்சல் எனக்கு எப்போதும் இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

மாறிக்கொண்டே இருக்கும் முகவரிக்கு மாறாத பெயர் வேண்டும். ஒரு டொமைனில் ஏஏஏஏ ரெக்கார்டு (பெயருக்கு எதிரே ஐபிவி6 முகவரியைச் சொல்லும் பதிவு) ஒன்று போட்டு, ராஸ்பெரி பையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தன் முகவரியைப் பார்த்து மாறியிருந்தால் ரெக்கார்டைத் திருத்தும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். மறுநாள் அருமையாக வேலை செய்தது. அதற்கு மறுநாள் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், ராஸ்பெரி பையின் ஒரே இடைமுகத்தில் நான்கு முகவரிகள் நிற்கின்றன: எஃப்இ80 ஒன்று, நான் நிலையாக வைத்தது ஒன்று, கூடவே டெம்பரரி என்று குறிப்போடு இரண்டு. நாம் எங்கெல்லாம் போகிறோம் என்று யாரும் ஒரே எண்ணை வைத்துத் தொடரக் கூடாது என்பதற்காக வெளியே போகும் இணைப்புகளுக்குத் தற்காலிக முகவரி ஒன்றை உருவாக்கி, வழக்கமாக ஒரு நாளில் அதை மாற்றிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு அது. போனுக்கும் லேப்டாப்புக்கும் ரொம்ப நல்ல விஷயம். என் ஸ்கிரிப்ட் வரிசையில் முதலில் இருந்ததை எடுத்துப் போட்டிருந்தது, அது தற்காலிக முகவரி, ஃபயர்வாலில் அதற்கு அனுமதியும் கிடையாது, சில நாள் கடந்ததும் உயிரும் கிடையாது. முதல் நாள் எப்படி வேலை செய்தது என்றால், அந்த முதல் முறை மட்டும் ரெக்கார்டை நான் கையால் எழுதியிருந்தேன். ராஸ்பெரி பையில் தற்காலிக முகவரியை அணைத்தேன், ஸ்கிரிப்டையும் பின்பாதி பார்த்து எடுக்கும்படி மாற்றினேன், அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

கடைசியாக வந்ததுதான் என்னை மூன்று இரவு உட்கார வைத்தது. சென்னையில் மொபைல் டேட்டாவில் வயர்கார்டு இணைகிறது, கேமரா பக்கம் திறக்கிறது, தலைப்பு வருகிறது, பட்டியல் வருகிறது, படம் மட்டும் வெள்ளைக் கட்டமாக நிற்கிறது. சின்னதெல்லாம் வருகிறது, பெரியது வரவில்லை என்றால் எம்டியு (ஒரு தரவுப் பாக்கெட்டின் உச்ச அளவு) பக்கம் பாருங்கள் என்று எப்போதோ ஒருவர் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. ராஸ்பெரி பையிலிருந்து வெளியே பிங் (பதில் கேட்கும் சோதனைப் பாக்கெட்) அடித்துப் பார்த்தேன்: 1400 பைட் போய்த் திரும்பியது, 1450 போட்டால் சத்தமே இல்லை.

காரணம் இதுதான். வீட்டுக்குள் 1500 பைட் பாக்கெட் போகும், பிபிபிஓஇ எட்டு பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் வெளியே 1492-தான். ஐபிவி4-இல் நடுவழியில் இருக்கும் ரவுட்டர் பெரிய பாக்கெட்டைத் துண்டு போட்டு அனுப்பலாம். ஐபிவி6-இல் நடுவழியில் யாரும் துண்டு போட மாட்டார்கள். 'பாக்கெட் பெரிது, இவ்வளவுதான் போகும்' என்று அனுப்பியவருக்கே ஐசிஎம்பிவி6 என்ற தகவல் செய்தியில் திருப்பிச் சொல்வார்கள், அவர் சிறிதாக்கி அனுப்ப வேண்டும். என் ரவுட்டர் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ராஸ்பெரி பையில் நான் போட்டிருந்த ஃபயர்வால் அதைக் கேட்கவிடவில்லை. பல வருஷப் பழக்கத்தில் ஐசிஎம்பி என்றாலே தடுத்துவிடுவது என் வழக்கம். ஐபிவி6-இல் எல்லாவற்றையும் தடுத்தபோது ரவுட்டரையே கண்டுபிடிக்க முடியாமல் இணைப்பு மொத்தமாகப் போனதால், பக்கத்துச் சாதனங்களையும் ரவுட்டரையும் விசாரிக்கும் வகைகளை மட்டும் அனுமதித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருந்தேன். பாக்கெட் பெரிது என்ற வகையையும் அனுமதித்தேன். படம் அந்த நிமிஷமே வந்தது. வயர்கார்டின் எம்டியுவையும் 1280-க்குக் குறைத்துவிட்டேன். ஐபிவி6-இல் எந்த வழியாக இருந்தாலும் 1280 போயே ஆக வேண்டும் என்பது விதி, செல்போன் நெட்வொர்க்கில் நடுவில் என்னென்ன சுற்று இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கணக்குப்படி 1412 போதும், வயர்கார்டு ஐபிவி6 மேல் எண்பது பைட் எடுத்துக்கொள்ளும், ஆனால் கேமராவுக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு சின்ன விஷயம், வயர்கார்டு ஆப் பெயரை முகவரியாக மாற்றிப் பார்ப்பது இணைக்கும்போது மட்டும்தான். ஊரில் கரண்ட் போய் வந்தால் இங்கே ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அக்காவுக்கு இதை மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அம்மா வாளியோடு வந்தார், தெளித்தார், குனிந்து புள்ளி வைத்தார். நடுவில் எந்தச் சர்வரும் இல்லை, வாடகைக்கு எடுத்த எதுவும் இல்லை, என் போனின் முகவரியிலிருந்து அம்மா வீட்டு முகவரிக்கு நேராக. பழைய பிராட்பேண்டில் இருந்தது திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது, அப்போதுகூட ரவுட்டரின் நாட் வழியாக நுழைந்துதான் போனோம், இது அதைவிட நேர்.

மீதி இருப்பது அக்கா வீடு. மொபைல் டேட்டாவில் அவருக்கும் வருகிறது, ஆனால் அவர்கள் வீட்டு வைஃபையில் ஐபிவி4 மட்டும், அங்கிருந்து ஐபிவி6 முகவரிக்குப் போக வழியே கிடையாது, இரண்டும் ஒன்றோடொன்று நேராகப் பேசாது. இரண்டு முகவரியும் உள்ள சின்ன சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடுவில் நிறுத்தலாம் என்று யோசித்தேன். அங்கேயும் ஐபிவி4-க்குத் தனிக் காசு. அமேசானே 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது, மாதத்துக்கு மூன்றரை டாலருக்கு மேல் ஆகும். காசு பெரிதில்லை, ஆனால் எதைத் தவிர்க்க இத்தனையும் செய்தேனோ அதையே நடுவில் வைக்க மனசு வரவில்லை. அடுத்த வாரம் கோயம்புத்தூர் போகிறேன், ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அக்கா அனுப்பிவிட்டார். அந்த மாடலில் பிரிஃபிக்ஸ் டெலிகேஷன் இருக்கிறது. இனி அங்கே இருக்கிற நெட் கம்பெனிக்குப் போன் செய்து, யாரும் கேட்கவில்லை என்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டும்.